புரியாத கடனுக்கு ஒரு ‘சரிங்க’

மார்ச் 4, செவ்வாய்

இன்று ஒரு பெரியவர் என்னைப் பாடாய்ப் படுத்திவிட்டார். காது பரிசோதனை அறையில் உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டி, கையில் பொத்தானைக் கொடுத்து, எல்லோருக்கும் சொல்வதையே அவருக்கும் சொன்னேன். “சத்தம் கேட்டா அழுத்துங்க. கேக்கலைன்னா சும்மா இருங்க.” நன்றாகத் தலையாட்டினார். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து நாற்காலியில் உட்காருவதற்குள் அழுத்தத் தொடங்கிவிட்டார். நான் இன்னும் எந்தச் சத்தமும் அனுப்பவில்லை! அழுத்திவிட்டு என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு வேறு.

இப்படி ஒரு ரகம் உண்டு. கேட்கவில்லை என்று சொல்ல வெட்கம். நம் மனம் கோணிவிடுமோ என்று ஒரு பயம். அவர்களிடமிருந்து உண்மையை வாங்குவதற்குள் எனக்குத் தொண்டை வற்றிவிடும்.

வீட்டுக்கு வந்து கைப்பையைக்கூட இறக்கவில்லை, வங்கியிலிருந்து போன். அதே பெண். போன வருஷம் என் வீட்டுக்காரருக்கு வேலை போனபோது வீட்டுக் கடன் தவணையை நிறுத்திவைக்க ஏற்பாடு செய்துகொடுத்தவள். அவள் பெயரை ஒவ்வொரு முறையும் சொல்லத்தான் செய்கிறாள், எனக்கு நிற்பதில்லை. தேன்குரல் என்று நானே வைத்துக்கொண்டேன்.

“மூணு தவணை நிலுவையில இருக்கு மேடம்.”

“நீங்கதானே நிறுத்தி வச்சிருக்கீங்க?”

“அந்த ஒத்திவைப்புக் காலம் டிசம்பரோட முடிஞ்சிடுச்சு மேடம். அந்தக் காலத்துக்கான வட்டி அசலோட சேர்ந்து, தவணைத் தொகையும் திருத்தி அமைக்கப்பட்டிருக்கு. புரிஞ்சதுங்களா மேடம்?”

“சரிங்க. புரிஞ்சதுங்க,” என்றேன்.

மார்ச் 5, புதன்

என்ன புரிந்தது எனக்கு? எதற்காக அப்படிச் சொன்னேன்?

மார்ச் 9, ஞாயிறு

இவரிடம் இன்றுதான் சொன்னேன். நாலு நாளாக மென்று விழுங்கிக்கொண்டிருந்தது, தட்டு கழுவும்போது வாயிலிருந்து விழுந்துவிட்டது.

எழுதிப் பார்த்தாலாவது தெளிகிறதா பார்ப்போம். இவர் சொந்த வேன் வைத்து ஒரு கம்பெனிக்குச் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தார். கம்பெனி தானே வண்டிகள் வாங்கிக்கொண்டது. இவருக்கு ஒரு கைகுலுக்கலும் ஒரு சுவர்க் கடிகாரமும் கொடுத்து அனுப்பினார்கள். என் சம்பளத்தில் சாப்பாடும் மகளின் கல்லூரியும் ஓடும், வீட்டுத் தவணை ஓடாது. அப்போதுதான் தேன்குரல் கூப்பிட்டாள். நான் விழுந்தடித்துக்கொண்டு ‘சரிங்க, சரிங்க’ என்றேன். இவரிடம் வந்து, “நெலம சீராகுற வரைக்கும் கட்ட வேண்டாமாம்!” என்றேன். இவர் முகம் எப்படி மலர்ந்தது அன்று. கடைக்குப் போய் கேக் வாங்கி வந்தார். மகள், யாருக்குப் பிறந்தநாள் என்று கேட்டாள்.

கட்ட வேண்டாம் என்றால், விட்டுவிட்டார்கள் என்றுதானே அர்த்தம்? ஆறு மாதம் என்று அவள் சொன்னாளா? சொல்லியிருப்பாள். வட்டி ஓடும் என்று சொன்னாளா? அதையும் அந்த இனிமையில் சொல்லித்தான் இருப்பாள். என் காதில் விழுந்தது ‘கட்ட வேண்டாம்’ மட்டும். பிறகு குறுஞ்செய்திகள் வந்தன. விளம்பரம் என்று இருவரும் தள்ளிவிட்டோம்.

இவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே, “நீ படிச்சவ. புரிஞ்சிக்கிட்டுத்தான் சொல்றேன்னு நெனச்சேன்,” என்றார். கத்தியிருக்கலாம்.

மார்ச் 14, வெள்ளி

வங்கியிலிருந்து ஆள் வந்துவிட்டார். ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை. ஹாலில் நின்றுகொண்டு, கூரை, ஜன்னல், தரை என்று ஒரு சுற்றுப் பார்த்தார். உட்காருங்கள் என்றேன், உட்காரவில்லை. தண்ணீர் கொடுத்தேன், ஹெல்மெட்டின் முன்கண்ணாடியை மட்டும் தூக்கிக்கொண்டு குடித்தார். மரியாதையாகத்தான் பேசினார்.

“எப்பக் கட்டுவீங்கன்னு ஒரு தேதி சொல்லுங்க மேடம், நான் போட்டுக்கறேன்.”

வாய்க்கு வந்த ஒரு தேதியைச் சொன்னேன். எங்கிருந்து வந்தது அந்தத் தேதி? கடவுளுக்கே வெளிச்சம்.

அவர் போனதும் மகள் அறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். “யாரும்மா?”

“கூரியர்.”

“கூரியர்காரர் வெறுங்கையோட வந்து, ஹாலைச் சுத்திப் பாத்துட்டு, தண்ணி குடிச்சிட்டுப் போவாரா?”

“இப்பல்லாம் அப்படித்தான்,” என்றேன். வெட்கங்கெட்டவள் நான்.

மார்ச் 17, திங்கள்

ஆளுக்கொரு பேச்சு.

என் அண்ணன் போனில்: “ஒத்தப் பைசா கட்டாதே. நல்லா ஏறட்டும். அப்புறம் அவனே எறங்கி வருவான், பாதிக்கு முடிச்சிக்கலாம்.” அவன் வாழ்க்கையில் வீட்டுக் கடனே வாங்கியதில்லை, வாடகை வீடு.

நாத்தனார்: “கொஞ்சமாவது கட்டு. கட்டுறாங்கன்னு தெரிஞ்சாலே கையை வைக்க மாட்டாங்க.” அவள் கடன் வாங்கியிருக்கிறாள், ஆனால் கட்டிக்கொண்டிருப்பது அவள் கணவன். அவளுக்கு எவ்வளவு தெரியும்?

பரிசோதனை நிலையத்து ரிசப்ஷன் பெண்: “வேற பேங்க்ல ஒண்ணு போட்டு இதை அடைச்சிடுங்கக்கா.” அதை எதைப் போட்டு அடைப்பது?

மூன்றும் சரி என்றே படுகிறது. கேட்கும்வரை கொஞ்சமாவது தெரிந்திருந்தது, இப்போது கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருக்கிறது. இவரைக் கேட்டால், “ஆகட்டும், பாத்துக்கலாம்.” எதை? யார்? எப்போது? இந்த மூன்று கேள்விக்கும் அந்த இரண்டு வார்த்தையில் இடமே இல்லை.

மார்ச் 22, சனி

நாத்தனார் பேச்சைக் கேட்டேன். என் சம்பளத்திலிருந்து பாதித் தவணை கட்டிவிட்டேன். அப்பாடா. இன்று மாடிப் படியெல்லாம் தண்ணீர் விட்டுக் கழுவினேன், ஜன்னல் திரையைத் துவைத்தேன். வீடு மறுபடி நம்முடையது மாதிரி இருந்தது.

ஏப்ரல் 1, செவ்வாய்

இன்று முட்டாள்கள் தினம். பொருத்தம்தான்.

தேன்குரல் சொல்கிறாள், நான் கட்டிய பாதிப் பணம் தவணைக்குப் போகவில்லையாம். அபராதம், வசூல் செலவு, இன்னும் ஏதோ ஒரு கட்டணம், அதெல்லாம் முன்னால் வாயைத் திறந்துகொண்டு நின்றிருக்கின்றன. அவை தின்றது போக மிச்சம் ஒன்றும் இல்லை. தவணை அப்படியே இருக்கிறது. போதாததற்கு இந்த மாதத்துத் தவணையும் சேர்ந்துவிட்டது.

“பாதி குடுத்தா பாதி கொறையாதாம்மா?”

“முதல்ல கட்டணங்களுக்குத்தான் மேடம் வரவு வைப்பாங்க. அதுதான் ஒப்பந்தம். புரிஞ்சதுங்களா?”

“புரிஞ்சதுங்க.”

சத்தியமாகச் சொல்கிறேன், அந்தச் சொல் என்னைக் கேட்காமலே வெளியே போகிறது.

ஹெல்மெட்காரர் தண்ணீர் குடித்தது வசூல் செலவில் சேருமா? தண்ணீர் எங்களுடையதுதானே?

ஏப்ரல் 4, வெள்ளி

நல்ல சண்டை. மகள் முன்னாலேயே.

அவள் என் போனை எடுத்துவிட்டாள். நான் குளித்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்தால் சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டு, என் பெயரைச் சொல்லிக்கொண்டு, தேன்குரலிடம் பேசிக்கொண்டிருக்கிறாள். பிடுங்கினேன்.

“கூரியர், இல்ல?” என்றாள். “எத்தனை நாளா இது? ரெண்டு பேரும் என்னை என்னன்னு நெனச்சீங்க? இந்த வீடு போனா நான் எங்க போவேன்னு ஒரு வார்த்தை எங்கிட்ட கேக்கணும்னு தோணலையா?”

இவர் சொன்னார், “ஒங்கம்மா தள்ளுபடின்னு சொன்னா.”

ஐயோ, அந்த ஒரு வரி. இத்தனை நாள் அடக்கி வைத்ததெல்லாம் கொட்டிவிட்டேன். நீங்க ஏன் கேக்கலை, நீங்க ஏன் ஒருநாள் அந்த போனை எடுக்கலை, வேன்ல போய் ஒக்காந்துக்கிட்டு பாட்டு கேக்குறீங்களே, வேன் எங்கயாவது போகுதா, நின்ன எடத்துலயே நிக்குதே. என்னென்னவோ. நான் தப்பாத்தான் கேட்டேன், சரி. ஆனா கேட்டவ நான் ஒருத்திதானே! காதை வச்சிக்கிட்டு நீங்க ரெண்டு பேரும் என்ன செஞ்சீங்க?

மகளுக்கு அதில் பங்கில்லை. அவளையும் சேர்த்துத் திட்டிவிட்டேன்.

இவர் போய் வேனில் உட்கார்ந்துகொண்டார். பாட்டு போடவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

யாரும் யாரிடமும் பேசவில்லை. தேன்குரலாவது கூப்பிட மாட்டாளா என்று இருந்தது.

ஏப்ரல் 12, சனி

பதிவுத் தபால். கையெழுத்துப் போட்டு வாங்கினேன். நோட்டீஸ்.

‘மேற்படி கடன்தாரர்’ என்று ஆரம்பிக்கிறது. யார் அது? நான்தான். ‘மேற்படி சொத்து’, இந்த வீடு. ‘தவறும் பட்சத்தில்’ என்று ஒரு வாக்கியம், முற்றுப்புள்ளியைத் தேடித் தேடி மூச்சு வாங்கியது. எழுத்தெல்லாம் நம் எழுத்து, தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. ஒன்று மட்டும் புரிந்தது. இரண்டு மாதம் கெடு. அதற்குள் நிலுவை முழுவதும் கட்டாவிட்டால் வீட்டை அவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

எடுத்துக்கொள்வது என்றால்? சாவியைக் கேட்பார்களா? பூட்டை மாற்றுவார்களா? சமையலறை அலமாரிக்கு நான் தேடித் தேடி வாங்கிய அந்தப் பித்தளைக் கைப்பிடிகளும் மேற்படி சொத்தில் சேருமா?

இவர் நோட்டீஸை இரண்டு முறை படித்தார். ‘ஆகட்டும்’ என்று சொல்லவில்லை. அதைச் சொல்லாதது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

ஏப்ரல் 15, செவ்வாய்

அந்தப் பெரியவர் மறுபரிசோதனைக்கு வந்தார். போன முறை எடுத்த பரிசோதனை நம்பும்படி இல்லை, திரும்ப எடுங்கள் என்று டாக்டரம்மா அனுப்பிவிட்டார். மறுபடி அதே கதை. நான் சும்மா இருக்கிறேன், அவர் அழுத்துகிறார்.

கதவைத் திறந்து உள்ளே போனேன். ஹெட்போனைக் கழற்றி, பக்கத்தில் உட்கார்ந்து, இத்தனை வருஷமாக எத்தனையோ பேரிடம் சொன்னதைச் சொன்னேன்.

“இங்க பாருங்க. கேக்கலைன்னா அழுத்தாதீங்க. தப்பே இல்லை. நீங்க பொய்யா அழுத்தினா நான் நல்லா இருக்குன்னு எழுதிடுவேன். ஒங்களுக்குத் தேவையான மெஷினைக் குடுக்க மாட்டாங்க. நஷ்டம் எனக்கில்ல.”

அவர் பொத்தானை என் கையில் திருப்பிக் கொடுத்தார். “கேக்கலைம்மா,” என்றார். “எடப்பக்கம் சுத்தமா ஒண்ணுமே கேக்கலை.” சொல்லிவிட்டு அழுதார். எனக்கும் கண்ணீர் வந்துவிட்டது. அவர் தனக்காக நான் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டு என்னைச் சமாதானப்படுத்தினார்.

கழிவறையில் போய் முகம் கழுவிக்கொண்டு நின்றேன். கண்ணாடியில் ஒரு முட்டாள் நின்றுகொண்டிருந்தாள். நஷ்டம் யாருக்கு? யாருக்கடி நஷ்டம்?

ஏப்ரல் 23, புதன்

விடுப்புப் போட்டுவிட்டு, இவரையும் இழுத்துக்கொண்டு வங்கிக் கிளைக்கே போனேன். போகும் வழியில் இவரிடம் சொல்லிவைத்தேன், “நான் அசடு மாதிரி பேசுவேன். குறுக்கப் பேசக் கூடாது.” இவர், “அதுக்கு இவ்வளவு தூரம் போகணுமா?” என்றார். ஏப்ரல் நாலுக்குப் பிறகு இவர் சொன்ன முதல் கிண்டல். திட்ட மனம் வரவில்லை.

கடன் பிரிவில் இருந்தவருக்குச் சரியான ஜலதோஷம். மேஜையில் காகிதக் கைக்குட்டைகள் குவிந்து கிடந்தன. எங்கள் கணக்கைத் திறந்து பார்த்துவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டே கடகடவென்று சொல்லிவிட்டார். சொல்லி முடித்து, “புரிஞ்சதில்ல?” என்று அடுத்த டோக்கனைப் பார்த்தார்.

வாய் வரைக்கும் வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

“புரியலைங்க,” என்றேன்.

மறுபடி சொன்னார், அதே வார்த்தைகள், கொஞ்சம் சத்தமாக. காது கேட்காதவர்களிடம் எல்லோரும் செய்கிற தப்பு இது, எனக்குத் தெரியாதா?

“சத்தம் நல்லா கேக்குதுங்க. அர்த்தம்தான் புரியலை.”

பின்னால் வரிசையில் நின்ற ஒருவர் உச்சுக் கொட்டினார். காதெல்லாம் சூடாகிவிட்டது. எழுந்து ஓடிவிடலாமா என்று இருந்தது. பொத்தானை அழுத்திவிட்டால் போதும், வெளியே போய்விடலாம். கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், நிஜமாகவே.

அவர் பெருமூச்சு விட்டு ஒரு தாளை எடுத்தார். கட்டம் போட்டார். இது நீங்கள் வாங்கியது. இது கட்டாமல் இருந்தபோது ஏறிய வட்டி. அது இங்கே வந்து சேர்ந்துகொண்டது, இனி அதற்கும் வட்டி. நான் ஒவ்வொரு கட்டத்துக்கும், இது ஏன் இங்கே வந்தது, இதை யார் கேட்டார்கள் என்று கேட்டேன். கேட்கக் கேட்க அவருக்கே ஒரு சுவாரஸ்யம் வந்துவிட்டது, ஜலதோஷத்தை மறந்துவிட்டார். ஒரு இடத்தில் அவரே நிறுத்தி, “இருங்க, இது எனக்கே சந்தேகமா இருக்கு,” என்று உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தார். உள்ளே இருப்பவர்களுக்கும் புரியாமல் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

கடைசியில் வழி மூன்று. வீட்டை நாமே விற்றுக் கடனை அடைப்பது. நிலுவை முழுவதையும் ஒரே மூச்சில் கட்டுவது, அதற்கு வழியில்லை. அல்லது நிலுவையையும் அசலில் சேர்த்து, வருஷங்களை நீட்டி, தவணையைச் சிறிதாக்கிக்கொள்வது. “ஆனா மாசா மாசம் நிச்சயமா வர்ற வருமானம் காட்டணும் மேடம். ஒங்க சம்பளம் மட்டும் பத்தாது.”

இவர் அதுவரைக்கும் சுவரில் இருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று, “வாடகை வருமானம் காட்டினா ஒத்துக்குவீங்களா சார்?” என்று கேட்டார்.

“எந்த வீட்டு வாடகை?”

“இதே வீடுதான். கீழ்வீட்டை விட்டுட்டு நாங்க மாடி ரூமுக்குப் போயிடறோம்.”

மாடியில் இருப்பது இவருடைய அட்டைப் பெட்டிகளைப் போட்டுவைக்கும் ஒற்றை அறை. ஒரு குளியலறை. பக்கத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி. எத்தனை நாளாக இதை மனசில் வைத்திருந்தார்? வேனில் உட்கார்ந்து இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாரா?

அதிகாரி எழுதிக்கொண்டார். வங்கியிடம் அனுமதிக் கடிதம் வாங்க வேண்டும், வாடகை ஒப்பந்தம் கொண்டுவர வேண்டும், நோட்டீஸ் கெடுவுக்குள் நடக்க வேண்டும். எல்லாவற்றையும் திருப்பிச் சொல்லிக் காட்டினேன், சரிதானா என்று. சரி என்றார். கிளம்பும்போது, “இவ்வளவு கேள்வி யாரும் கேக்கறதில்ல மேடம்,” என்றார். பாராட்டா, அலுப்பா? இதையாவது கேட்காமல் விட்டேன்.

ஏப்ரல் 24, வியாழன்

மகளிடம் இருவரும் உட்கார்ந்து சொன்னோம். முழுவதும். “ஒரே ரூம்ல மூணு பேரா?” என்றாள். கதவைச் சாத்திக்கொண்டாள். சரி, அவளுக்குக் கதவு இருக்கிற வரைக்கும் சாத்திக்கொள்ளட்டும்.

மே 3, சனி

மாடி அறையை ஒழித்தோம். அட்டைப் பெட்டிகளுக்கு அடியில் கம்பெனி கொடுத்த சுவர்க் கடிகாரம், பிரிக்கவே இல்லை. இவர் அதைத் தூக்கிப் போடுவார் என்று பார்த்தேன். பிரித்து, பேட்டரி போட்டு, மாட்டிவிட்டார். “நேரம் சரியாத்தானே காட்டுது,” என்றார்.

கட்டிலை எந்தப் பக்கம் போட்டாலும் கதவு பாதிதான் திறக்கிறது. இது சரிதானா? நாம் செய்வது புத்திசாலித்தனமா, பைத்தியக்காரத்தனமா? வீட்டைக் காப்பாற்ற வீட்டை விட்டுப் போகிறோம். அண்ணன் சிரிக்கிறான். நாத்தனார், “ஊர் என்ன பேசும்?” என்கிறாள். ஊர் தவணை கட்டுமா என்று கேட்க நினைத்தேன், நாத்தனார் ஆயிற்றே என்று விட்டுவிட்டேன்.

மே 11, ஞாயிறு

எழுதாமல் தூக்கம் வராது.

வீடு பார்க்க வந்திருந்தார்கள். கணவன், மனைவி, ஒரு சின்னப் பெண் குழந்தை. போன வாரம் வந்த இரண்டு கூட்டமும் ‘யோசிச்சுச் சொல்றோம்’ ரகம். கெடு நெருங்குகிறது. நான் காலையிலிருந்து துடைத்துத் துடைத்து வைத்திருந்தேன்.

அந்த மனைவி சமையலறையில் நின்று, “கொஞ்சம் பழசா இருக்கு,” என்றாள். என் பித்தளைக் கைப்பிடியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. கிளம்புங்கள் என்று சொல்லியிருப்பேன், இவர் என் முழங்கையைப் பிடித்தார்.

அந்த நேரம் பார்த்து வாசலில் பைக் சத்தம். ஹெல்மெட்காரர்! நான் சொன்ன தேதி போய் எத்தனையோ நாளாகிறதே. என் முகத்தில் ஈயாடவில்லை. வங்கி ஆள் என்று தெரிந்தால் இவர்கள் ஓடியே போவார்கள்.

உள்ளே வந்தார். எங்களைப் பார்த்தார், அவர்களைப் பார்த்தார், அந்த மனைவி கையில் இருந்த இன்ச் டேப்பைப் பார்த்தார். ஒரு நொடி. அப்புறம் ஹெல்மெட்டைக் கழற்றினார். முதல் முறை! தலை பளபளவென்று சுத்தமாக இருந்தது. இதற்காகத்தான் இத்தனை நாள் கழற்றவில்லையா மனிதர்?

“வீடு பாக்க வந்தீங்களா?” என்று அந்தக் கணவனிடம் கேட்டார். “நல்ல வீடு சார். வேலை விஷயமா தெனம் பல வீட்டுக்குப் போறவன் நான். உள்ள வந்ததும் முதல்ல கூரையத்தான் பாப்பேன். இங்க ஒரு ஒழுகல் கறை கெடையாது. பின்பக்க ஜன்னலைத் தெறந்தா காத்து பிச்சிக்கிட்டுப் போகும்.”

போய்த் திறந்தும் காட்டினார். நல்லவேளை, காற்று அடித்தது. குழந்தை ஓடிவந்து ஜன்னல் பக்கத்தில் நின்று தலைமுடியைப் பறக்கவிட்டது. அந்த மனைவி கைப்பிடியை விட்டாள்.

முன்பணத்தை அங்கேயே கொடுத்துவிட்டார்கள்.

அவர்கள் போனதும் ஹெல்மெட்காரர் தண்ணீர் கேட்டார். உட்கார்ந்து குடித்தார். “ஒப்பந்தத்த நாளைக்கே கிளையில குடுத்துடுங்க. நான் இனிமே வர்ற மாதிரி வச்சிக்காதீங்க,” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

இந்த மனிதரை நான் இரண்டு மாதமாகச் சபித்துக்கொண்டிருக்கிறேன். இனி என்ன செய்வது? நன்றி சொல்வதா? வீடு வாடகைக்குப் போனால் அவருக்கும் வேலை முடிந்தது, அதனால்தான் சொன்னாரா? அல்லது நிஜமாகவே நல்ல வீடு என்று நினைத்தாரா? எனக்கு அந்த இரண்டாவதுதான் வேண்டும். ஒழுகல் கறை இல்லை என்று அவர் சொன்னபோது எனக்கு ஏன் அப்படிப் பெருமையாக இருந்தது?

மே 29, வியாழன்

தவணை குறைந்தது. கெடு ரத்து. தேன்குரல் போன் செய்தாள், “புரிஞ்சதுங்களா மேடம்?” என்றாள். “இன்னொரு தடவை மெதுவா சொல்லும்மா,” என்றேன். சொன்னாள். மெதுவாகப் பேசினால் அவள் குரல் சாதாரணமாகத்தான் இருக்கிறது.

கடன் முடியும்போது எனக்கு அறுபத்தெட்டு வயது. அதுவும் புரிந்தது.

ஜூன் 1, ஞாயிறு

மாடிக்கு வந்துவிட்டோம். சோபா படியில் திரும்பவில்லை, நாத்தனார் வீட்டுக்குப் போயிற்று. மகள் மூலையில் கயிறு கட்டி, என் பழைய ஜன்னல் திரையைத் தொங்கவிட்டுத் தனக்கு ஒரு அறை செய்துகொண்டாள். உள்ளே போய் உட்கார்ந்து, “அம்மா, தட்டிட்டு வா,” என்றாள். திரையை எப்படித் தட்டுவது? கைதட்டினேன். சிரித்துவிட்டாள்.

கீழே சாவியைக் கொடுத்துவிட்டுப் படியேறும்போது கால் தடுமாறியது. என் கையிலிருந்த பையை இவர் வாங்கிக்கொண்டார்.

ஜூன் 18, புதன்

கீழ்வீட்டம்மா மேலே வந்தாள். கோபமில்லை, தயக்கம்தான். “மேல சேர் இழுக்கிற சத்தம் ரொம்பக் கேக்குதுங்க. பாப்பா தூங்கும்போது எழுந்துக்கிறா.”

இத்தனை வருஷம் ஊர் காதுக்கெல்லாம் சத்தம் அனுப்பிச் சம்பாதித்தவள் நான். என் வீட்டுச் சத்தம் எனக்குத் தெரியவில்லை. இவருடைய பழைய காலுறைகளை வெட்டி நாற்காலிக் கால்களுக்கெல்லாம் மாட்டிவிட்டேன். இவருக்கு இப்போது ஒரு சலவைக் கம்பெனி சரக்கு கிடைத்திருக்கிறது, ஓட்டல் துணிகளை ஏற்றி இறக்குகிறார். வேன் நகர்கிறது. வந்து நாற்காலியைப் பார்த்துவிட்டு, “சேருக்குக் குளிருதா?” என்றார்.

ஜூலை 6, ஞாயிறு

வாடகை வந்தது, தவணை போனது. குறுஞ்செய்தியை இவரும் நானும் வார்த்தை வார்த்தையாகப் படித்தோம்.

மதியம் குழாயில் தண்ணீர் நின்றுவிட்டது. மகள் தலையில் சோப்போடு உள்ளேயிருந்து கத்துகிறாள். மோட்டார் சுவிட்ச் கீழ்வீட்டுக்குள், சமையலறைப் பக்கம். அதை மாடிக்கு மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. இவர் வெளியே போயிருந்தார். நானே இறங்கினேன்.

வாசலுக்குப் போனதும் கை தானாக இடுப்பில் சாவியைத் தேடியது. இல்லை. அழைப்பு மணியை அழுத்தினேன். அந்த மணியைக் கடையில் நான்தான் கேட்டுக் கேட்டுத் தேர்ந்தெடுத்தேன். உள்ளேயிருந்துதான் எப்போதும் கேட்டிருக்கிறேன். வெளியே நின்றால் அது இவ்வளவு சன்னமாகக் கேட்கும் என்று தெரியாது.

உள்ளே ஓடிவரும் சின்னக் கால்கள். கதவுக்குப் பின்னாலிருந்து குழந்தைக் குரல், “யாரு?”

என்ன சொல்வது? பெயரா? அதற்குத் தெரியாது. வீட்டுக்காரம்மா என்றா?

“யாருன்னு கேக்கறேன்ல?”

“மாடி வீட்டுலேர்ந்து,” என்றேன்.

இந்தத் தடவை புரிந்துதான் சொன்னேன்.